பரலோக ராஜ்யம் என்றால் செத்த பிறகு போகிற இடமா? நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடியில் எங்கள் தெருமுனையில் மாதத்துக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸாவது ஏறும். கிறிஸ்தவ வீடு என்றால் போட்டோவுக்கு மேலே ஒரு சிலுவை, பக்கத்தில் ஒரு வசனம், கீழே 'பரலோக ராஜ்யம் சேர்ந்தார்' என்று ஒரு வரி. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் பரலோக ராஜ்யம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் எல்லா விரலும் கூரையைக் காட்டும். எப்போது போவோம் என்று கேட்டால் 'செத்த பிறகு' என்பார்கள். இருபது வருடமாக இந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். முதல் பத்து வருடம் நானும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். பொன் வீதி, முத்து வாசல் என்று கலர் பென்சிலால் வரையவும் வைத்தேன். அன்றைக்கு வரைந்த சிலருக்கு இன்று கல்யாணம் ஆகிவிட்டது. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தத் தவறுக்குப் பாதிக் காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. தமிழில் 'பரலோகம் போய்விட்டார்' என்றால் இறந்துவிட்டார் என்று பொருள். எந்த மதத்துக்காரரும் அப்படிச் சொல்வார். அந்தச் சொல்லோடு 'ராஜ்யம்' சேர்ந்ததும் 'இறந்தவர்கள் போகிற நாடு' என்று நம் காதில் விழுகிறது. ஆனால் சுவிசேஷங்கள் எழுதப்பட்ட கிரேக்கத்தில் 'பசிலெயா' என்ற சொல் முதலில் குறிப்பது ஆளுகிற செயலைத்தான். நிலம் அதற்கு அப்புறம். ராஜா ராஜாவாக இருப்பது, அவர் சொல் நடப்பது, அதுதான் பசிலெயா. எபிரெயத்தில் இதற்கு இணையான 'மல்கூத்' என்ற சொல்லும் அப்படித்தான். 1995-ல் வந்த திருவிவிலியம் 'விண்ணரசு', 'இறையாட்சி' என்று போட்டது. பழைய மொழிபெயர்ப்பில் ஊறிய எனக்கு அந்தச் சொற்கள் முதலில் அந்நியமாகத்தான் இருந்தன. 'ஆட்சி' என்ற அந்த ஒரு சொல் எத்தனை குழப்பத்தைத் தீர்க்கிறது என்பது பாடம் நடத்தும்போதுதான் புரிந்தது.

வேலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல நம் ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது. 'ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு' என்று நம்மைப் பற்றி ஒரு சொலவடை உண்டு. 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மறுபடி லிங்கம் பிரதிஷ்டை ஆனதோடு கோயிலைப் பற்றிய பேச்சு பழங்கதை ஆகிவிட்டது. கோட்டையைப் பற்றியது மட்டும் அப்படியே நிற்கிறது. அகழி இருக்கிறது, மதில் இருக்கிறது, உத்தரவு போட ராஜா இல்லை. அதை ஒரு ராஜ்யம் என்று யாரும் சொல்வதில்லை. இயேசுவின் கதை இதற்கு நேர்மாறு. அவருக்குத் தலைசாய்க்க இடமில்லை. ஆனால் 'எழுந்து நட' என்று சொன்னால் திமிர்வாதக்காரன் எழுந்து நடக்கிறான். 'என் பின்னே வா' என்று கூப்பிட்டால் ஆயத்துறையில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து வருகிறான். 'பரலோகராஜ்யம் சமீபித்திருக்கிறது' என்று அவர் சொன்னது இதைத்தான். ஆட்சி கிட்டே வந்துவிட்டது என்றார். உங்களுக்குச் சாவு கிட்டே வந்துவிட்டது என்று யாரையும் அவர் பயமுறுத்தவில்லை.

அப்படியானால் இறந்தவர்களைப் பற்றிய நம்பிக்கை பொய்யா என்று ஒரு அம்மா என்னிடம் கண்கலங்கக் கேட்டார். இல்லவே இல்லை. சிலுவையில் தொங்கிய கள்ளன், 'நீர் உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது அடியேனை நினைத்தருளும்' என்று கேட்டான். 'இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்' என்று பதில் வந்தது. இறந்தவர்கள் கிறிஸ்துவோடு இருக்கிறார்கள் என்பது சபையின் உறுதியான நம்பிக்கை. ராஜ்யம் அதைவிடப் பெரியது. இறந்தவர், இருப்பவர், இந்தப் பூமி எல்லாம் அதற்குள் அடங்கும்.

பரமண்டல ஜெபத்தை ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். 'உம்முடைய ராஜ்யம் வருவதாக' என்றுதான் கேட்கிறோம். நாங்கள் அங்கே போவோமாக என்று கேட்கவில்லை. அடுத்த வரி இன்னும் தெளிவு: 'பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும்.' நான் பிள்ளைகளை வரையவைத்த அந்தப் பொன் வீதிகூட, வெளிப்படுத்தின விசேஷம் 21-ஆம் அதிகாரத்தில், வானத்திலிருந்து கீழே இறங்கி வருகிற நகரத்தில்தான் இருக்கிறது. எத்தனை வருடம் அந்த அதிகாரத்தை வாசித்தும் 'இறங்கிவரக் கண்டேன்' என்ற சொல் என் கண்ணில் படவில்லை.

இன்னொரு குழப்பம், பரலோக ராஜ்யம் வேறு, தேவனுடைய ராஜ்யம் வேறு என்று பிரிப்பது. முதலாவது யூதருக்கு, இரண்டாவது சபைக்கு என்று கூடாரக் கூட்டங்களில் அட்டவணை போட்டு விளக்குகிறவர்கள் உண்டு. மத்தேயு 19-ஆம் அதிகாரம் 23, 24-ஆம் வசனங்களைப் பார்த்தாலே போதும். ஐசுவரியவான் பரலோகராஜ்யத்தில் பிரவேசிப்பது அரிது என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்கிறார். இரண்டும் ஒன்றுதான். மாற்கும் லூக்காவும் 'தேவனுடைய ராஜ்யம்' என்று எழுதுகிற இடங்களில் மத்தேயு பெரும்பாலும் 'பரலோகராஜ்யம்' என்று எழுதுகிறார். யூதர்கள் பயபக்தியால் தேவனுடைய பெயரை உச்சரிக்காமல் வேறு சொல்லால் சுட்டுவார்கள் என்பதே இதற்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம். இயேசு சொன்ன கதையில் வீடு திரும்பும் கெட்டகுமாரன் 'பரத்துக்கு விரோதமாகப் பாவஞ்செய்தேன்' என்று சொல்வதும் அப்படித்தான். பரம் என்று அவன் சொல்வது தேவனை. இது நமக்குப் புதிதா என்ன? என் பாட்டி சாகிறவரை தாத்தாவின் பெயரைச் சொன்னதில்லை. 'மேலே இருக்கிறவன் பார்த்துக்குவான்' என்று இன்றைக்கும் சொல்கிறோம், அவன் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஒட்டகத்தைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எருசலேமில் 'ஊசியின் காது' என்று ஒரு குறுகலான வாசல் இருந்தது, சுமையை இறக்கிவிட்டு முழங்காலிட்டால் ஒட்டகம் அதில் நுழைந்துவிடும் என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. சீஷர்கள் மிகவும் ஆச்சரியப்பட்டு 'அப்படியானால் யார் ரட்சிக்கப்படக்கூடும்' என்று கேட்டதற்குக் காரணம், அது நடக்கவே முடியாத காரியமாக அவர்கள் காதில் விழுந்ததுதான். 'மனுஷரால் இது கூடாததுதான்' என்று இயேசுவும் சொன்னார். வசனத்தை இளக்கிக் கொடுத்தால் அந்தப் பதிலுக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

'என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல' என்ற வசனத்தையும் தவறாகப் பிடித்துக்கொள்கிறோம். அதனால்தான் ஊர் விஷயம், கூலி விஷயம், பாலாற்றில் கலக்கிற தோல் கழிவு விஷயம் எதுவும் விசுவாசிக்கு வேண்டாம் என்று சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள். இயேசு அந்த வாக்கியத்தை அங்கேயே முடிக்கவில்லை. அது இவ்வுலகத்திற்குரியதாக இருந்தால் என் ஊழியக்காரர் போராடியிருப்பார்களே என்று, தம்மை விசாரித்த ரோம ஆளுநர் பிலாத்துவிடம் சொல்கிறார். 1806 ஜூலை 10 அன்று நம் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்து திப்புவின் கொடியை ஏற்றினார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்தது, அன்றைக்கே கோட்டை மறுபடி கைமாறியது. அந்த வீரர்களின் துணிச்சல் சாதாரணமானது அல்ல. ஆனால் படையால் பிடித்ததைப் படையால்தான் காக்க முடியும். இயேசுவின் ஆட்சிக்கு அந்த வழி இல்லை என்பதுதான் வசனத்தின் பொருள். அந்த ஆட்சி இந்த உலகத்திலிருந்து பிறக்கவில்லை. நடக்க வேண்டிய இடம் இந்த உலகம்தான்.

லூக்கா 17-ல் 'தேவனுடைய ராஜ்யம் உங்களுக்குள் இருக்கிறதே' என்று வருவதை மனசுக்குள் கிடைக்கும் அமைதி என்று மட்டும் எடுத்துக்கொள்வதும் இதோடு சேர்ந்ததுதான். அதைக் கேட்டவர்கள், அவரோடு ஓயாமல் வாதாடிய யூத மதக் குழுவினரான பரிசேயர்கள். அவர்கள் உள்ளத்தில் ராஜ்யம் இருப்பதாக இயேசு சொல்லியிருப்பாரா? அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு 'உங்கள் நடுவே' என்றும் பொருள் உண்டு. இங்கே அதுவே பொருந்துகிறது என்பது என் எண்ணம். சீஷர்களை அனுப்பும்போதும் அவர் பேச்சோடு விடவில்லை. பிணியாளிகளைச் சொஸ்தமாக்கி, ராஜ்யம் சமீபமாய் வந்திருக்கிறது என்று சொல்லுங்கள் என்றார். ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர் அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டவர். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். ஆண் மருத்துவரை உள்ளே விட அந்த வீடுகள் சம்மதிக்கவில்லை, ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. படித்துவிட்டுத் திரும்பி வந்து 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு மருத்துவப் பணியைத் தொடங்கினார். பிறகு அறுவை மருத்துவர் பால் பிராண்ட் வந்து தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். அப்படி நிமிர்ந்த விரலால் ஒருவர் சோற்றைப் பிசைந்து தானே சாப்பிட்டிருப்பார் அல்லவா? ராஜ்யம் சமீபித்தது என்பதை அவருக்கு வேறு எப்படிச் சொல்வது?

ஆனால் இதற்கு எதிர்ப்பக்கம் சாய்கிற ஆபத்தும் இருக்கிறது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சபை எல்லாவற்றையும் எண்ணிக் காட்டி 'நாம் ராஜ்யத்தைக் கட்டுகிறோம்' என்று பேசுகிறோம். புதிய ஏற்பாட்டைப் புரட்டிப் பாருங்கள். ராஜ்யத்தைத் தேடுங்கள், ஏற்றுக்கொள்ளுங்கள், அதில் பிரவேசியுங்கள், அதைச் சுதந்தரித்துக்கொள்ளுங்கள் என்று இருக்கும். கட்டுங்கள் என்று எங்கும் இல்லை. இந்தச் சபைதான் ராஜ்யம் என்று வேலி போடவும் இடமில்லை. கோதுமையும் களையும் உவமையில் 'நிலம் உலகம்' என்று இயேசுவே விளக்கம் தருகிறார். சிஎஸ்ஐயோ கத்தோலிக்கமோ பெந்தெகொஸ்தேயோ, வரப்பு போட்டுப் பங்கு பிரிக்கிற நிலம் இல்லை அது.

கடுகு உவமையை நாம் கையாளுகிற விதம் எனக்கு வருத்தம் தருகிறது. 'கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது' என்ற பழமொழியைச் சொல்லித்தான் பிரசங்கத்தைத் தொடங்குவோம். உவமையில் காரத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. சின்னதாக விதைக்கப்பட்டது, பறவைகள் வந்து அடைகிற அளவுக்கு வளர்ந்தது, அவ்வளவுதான். அதற்கு அடுத்து வரும் புளித்தமா உவமையில் 'மூன்றுபடி மா' என்பதை நம் வீட்டுப் படியால் அளந்தால் ஐந்து லிட்டர் தேறும். மூலத்தில் இருக்கிற அளவு 36 முதல் 40 லிட்டர். ஒரு பெண் தன் வீட்டு ரொட்டிக்குப் பிசைந்த மாவு இல்லை, நூறு பேர் பந்தி உட்காரலாம். மார்கழிக் குளிரில் இட்லி மாவு பொங்காது. பழைய மாவில் ஒரு கரண்டி எடுத்துக் கலக்கி, அடுப்பு மேடை ஓரமாக மூடி வைப்போம். ராத்திரி எழுந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. விடியற்காலையில் தட்டு தூக்கிக்கொண்டு நிற்கும். கலக்கி வைத்த அந்தக் கரண்டி மாவை மட்டும் திரும்பப் பிரித்தெடுக்கவே முடியாது. ராஜ்யம் வருகிற விதத்துக்கு இதைவிடக் கிட்டத்து உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அது எந்த வருடம் முழுமை அடையும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறவர்களுக்கு அப்போஸ்தலர் 1:7 ஒன்றே பதில்: காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல.

எல்லாவற்றிலும் ஆழமாக வேர்விட்ட தவறு, ராஜ்யத்தைக் கூலியாக நினைப்பது. இத்தனை உபவாசம், இத்தனை தசமபாகம், ஆகவே எனக்கு இடம் உண்டு என்கிற கணக்கு. மத்தேயு 20-ஐ நான் புரிந்துகொண்டது ஒரு தெருமுனையில் பஸ்ஸுக்குக் காத்திருந்த காலையில்தான். ஏழு மணிக்கு அங்கே கூலி ஆட்கள் நிற்பார்கள். கையில் சாப்பாட்டுத் தூக்கு, காலடியில் மண்வெட்டி. மேஸ்திரி பைக்கை நிறுத்தாமலே 'ரெண்டு பெரியாள், ஒரு சித்தாள்' என்பார். வாட்டசாட்டமானவர்கள் முதலில் போவார்கள். பத்து மணிக்கும் நிற்பவர்கள் வயதானவர்கள், கொஞ்சம் நொண்டுகிறவர்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. 'ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை' என்று சாயங்காலம் ஐந்து மணிக்குத் திராட்சத்தோட்டத்து எஜமானிடம் சொன்னவர்கள் இவர்கள்தான். விடியற்காலையிலிருந்து உழைத்தவர்களுக்குக் கொடுத்ததுபோலவே அவர் அவர்களுக்கும் ஒரு முழுப் பணம் கொடுத்தார். ஒரு வீட்டுக்கு ஒரு நாள் அடுப்பெரிய வேண்டிய தொகை அது. விடியற்காலையில் வந்தவர்கள் முறுமுறுத்தது நியாயம் என்றுதான் நம்மில் பலர் மனதுக்குள் நினைக்கிறோம். நானும் நினைத்தேன். அன்றைக்கு அந்த முனையில் கடைசியாக நின்றவரைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

இதோடு சேர்த்து வாசிக்க வேண்டியது மத்தேயு 18-ல் வரும் கடன்காரன். ராஜா அவனுக்குத் தள்ளுபடி செய்தது பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து என்பது 6,000 நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி. அவன் வெளியே போய்த் தன் கூட வேலைக்காரனின் கழுத்தைப் பிடித்தது வெறும் 100 நாள் கூலிக்காக. இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் பூஜ்ஜியங்களை எண்ணி முடிப்பதற்குள் விஷயம் புரிந்துவிடும்.

இப்போதெல்லாம் பொன் வீதி வரையச் சொல்வதில்லை. 'இந்த வாரம் அவருடைய ஆட்சியை எங்கே பார்த்தீர்கள், வரைந்து காட்டுங்கள்' என்கிறேன். போன மாதம் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு எவர்சில்வர் தூக்கு வரைந்திருந்தாள். என்னம்மா இது என்று கேட்டேன். நிலத் தகராறில் அப்பாவும் பெரியப்பாவும் இரண்டு வருடமாகப் பேசவில்லையாம். 'பெரியம்மா குழம்பு குடுத்து அனுப்பினாங்க மிஸ். அப்பா சாப்பிட்டாரு. அப்புறம் அவரே தூக்கைக் கழுவி எடுத்துட்டுப் போனாரு' என்றாள்.