கிணற்றடியிலிருந்து ஆய்வகம் வரை: அழியாத நஞ்சுக்கு மாதிரி எடுக்கும் முறை

சாயத்தண்ணி இறங்கிய கிணற்றைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டியதில்லை. நாக்கு சொல்லும், கருகும் தென்னங்குருத்து சொல்லும், கடையில் விற்கும் டிடிஎஸ் பேனாவும் சொல்லும். ஆனால் இவை மூன்றும் சொல்வது உப்பைப் பற்றி மட்டும்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் 4 நானோகிராம் (ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு 1 நானோகிராம்) கிடந்தாலே கவலைப்பட வேண்டிய அழியாத நஞ்சுகளுக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை, டிடிஎஸ் பேனாவில் அரைப்புள்ளிகூட நகராது. 300 காட்டும் 'நல்ல தண்ணி'யிலும் அவை இருக்கலாம். 3,000 காட்டும் உப்புத்தண்ணியில் ஒன்றுமே இல்லாமலும் போகலாம்.

நொய்யல், பவானி, அமராவதிக் கரைகளில் தோட்டம் வைத்திருப்பவர்களும், மாணவர்களும், ஊர்க் குழுக்களும் ஆய்வகத்தில் பணம் கட்டிச் சோதித்துவிட்டு, கடைசியில் எதற்கும் உதவாத தாளோடு திரும்புவது வழக்கமாக இருக்கிறது. பெரும்பாலும் தவறு ஆய்வகக் கருவியில் நடப்பதில்லை. பாட்டிலில், ஐஸ் பெட்டியில், கிணற்றடியில் நடந்துவிடுகிறது.

எதைத் தேடுகிறீர்கள்?

"எல்லாத்தையும் பாத்துச் சொல்லுங்க" என்றால் ஆய்வகம் பார்க்காது. ஒவ்வொரு வகைக்கும் தனிப் பாட்டில், தனிக் கருவி, தனிக் கட்டணம். அதனால் நிலத்தின் வரலாற்றிலிருந்து தொடங்குங்கள்.

முன்பு பருத்தி போட்ட காடு என்றால் டிடிடி, எண்டோசல்ஃபான் போன்ற குளோரின் பூச்சிக்கொல்லிகள். எண்டோசல்ஃபானை 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. அதே ஆண்டு, அழியாத நஞ்சுகளைக் கட்டுப்படுத்தும் உலக நாடுகளின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலிலும் அது சேர்ந்தது. இவை தண்ணீரில் கரைய விரும்பாதவை, மண்ணையும் கொழுப்பையும் பிடித்துக்கொள்பவை. கிணற்று நீரில் தேடி 'இல்லை' என்று வருவதில் ஆச்சரியம் இல்லை. வண்டலில் தேடுங்கள்.

குரோம் முலாம் பூசும் பட்டறை, தீயணைப்பு நுரை கொட்டிய இடம், தண்ணீர் ஒட்டாத துணிப்பூச்சு போடும் ஆலை ஆகியவற்றுக்குக் கீழ்ப்புறம் நிலம் இருந்தால் பிஎஃப்ஏஎஸ். கார்பனும் ஃபுளூரினும் பிணைந்த இந்தக் குடும்பத்தில் பிஎஃப்ஓஎஸ் 2009லும் பிஎஃப்ஓஏ 2019லும் உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டன. பூச்சிக்கொல்லிக்கு நேர்மாறாக, இவை தண்ணீரோடு ஓடும். இதற்குக் கிணறுதான் சரியான இடம்.

தோல் பதனிடும் இடங்களுக்கும் முலாம் பட்டறைகளுக்கும் அருகே என்றால் குரோமியம். உலோகம் சிதைந்து போகவே போகாது. வடிவம் மட்டும் மாறும். ஆறு இணைதிறன் குரோமியம் கரையக்கூடியது, நச்சு அதிகம். மூன்று இணைதிறன் குரோமியம் வண்டலில் படியும்.

பனியன் வேஸ்ட், பிளாஸ்டிக், கேபிள் எரிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் டையாக்சின். அதற்குத் தண்ணீரைச் சோதிப்பது வீண். அங்கே மண்ணைக் கொத்தித் திரியும் நாட்டுக்கோழியின் முட்டைகள் ஆறோ பத்தோ சேர்த்து ஒரே மாதிரியாகக் கொடுத்தால் தெளிவான விடை கிடைக்கும்.

தென்னைக்கு வேர்வழி கட்டிய மோனோகுரோட்டோபாஸை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கொடிய விஷம்தான், ஆனால் மண்ணில் சில வாரங்களில் சிதைந்துவிடும். அதற்கான சோதனை வேறு.

பாட்டில்

பிஎஃப்ஏஎஸ்: 250 மில்லி எச்டிபிஇ (கெட்டிப் பாலிஎத்திலீன்) அல்லது பாலிபுரொப்பிலீன் பாட்டில். கண்ணாடி கூடாது, சுவரில் ஒட்டிக்கொள்ளும். மூடிக்குள் டெஃப்லான் வட்டம் இருக்கவே கூடாது, அதுவே பிஎஃப்ஏஎஸ் குடும்பம். கழுத்து வரை நிரப்பாமல் தோள் வரை மட்டும் நிரப்புங்கள். ஆய்வகம் பாட்டில் முழுவதையும், சுவரைக் கழுவிய கரைப்பானோடு சேர்த்து எடுக்க வேண்டும். அதிலிருந்து கொஞ்சம் ஊற்றிச் சோதித்தால் அளவு குறைந்து வரும்.

பூச்சிக்கொல்லி: இங்கே எல்லாம் தலைகீழ். 1 லிட்டர் பழுப்புக் கண்ணாடி, மூடிக்குள் டெஃப்லான் வட்டம். பிளாஸ்டிக் பாட்டில் பூச்சிக்கொல்லியை உறிஞ்சிவிடும்.

உலோகம்: அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பாலிஎத்திலீன் பாட்டில். கரைந்த உலோகம் வேண்டுமென்றால் அங்கேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்துவிட்டு, லிட்டருக்கு 2 மில்லி அடர் நைட்ரிக் அமிலம் விடுங்கள். பிஎச் 2க்குக் கீழே போக வேண்டும். கொங்குக் கிணறுகளில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் சில இடங்களில் 2 மில்லி போதாது, நுரைத்துவிட்டு பிஎச் மறுபடி ஏறும். பிஎச் தாளில் நனைத்துப் பார்க்காமல் மூட வேண்டாம். ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு அமிலமே விடக் கூடாது, விட்டால் அது மூன்றாக மாறிவிடும். அதைத் தனிப் பாட்டிலில் எடுத்து, குளிர வைத்து, 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும்.

எந்தப் பாட்டிலையும் கிணற்றுத் தண்ணீரில் அலசாதீர்கள். குடம் கழுவும் பழக்கத்தில் கை தானாகப் போகும்.

போர் தண்ணீர்

குழாயில் நாள்கணக்காக நின்ற தண்ணீர் நிலத்தடி நீர் அல்ல, குழாய் நீர். அதை வெளியேற்ற வேண்டும். ஆறரை அங்குல போரில் ஓர் அடி உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஆறரை லிட்டர்; நினைவில் வைக்கச் சுலபம். 600 அடி போரில் 200 அடியில் தண்ணீர் நின்றால் 400 அடி நீர்த்தூண், அதாவது 2,600 லிட்டர். மூன்று மடங்கு இறைக்க வேண்டும்: 7,800 லிட்டர். நிமிடத்துக்கு 150 லிட்டர் தரும் மோட்டார் என்றால் 52 நிமிடம்.

தினமும் பாசனத்துக்கு ஓடும் போருக்கு இவ்வளவு வேண்டாம். மோட்டார் போட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மின்கடத்துதிறன், பிஎச், வெப்பநிலை எழுதுங்கள். அடுத்தடுத்த மூன்று அளவில் மின்கடத்துதிறன் 3 சதவீதத்துக்குள்ளும் பிஎச் 0.1க்குள்ளும் நின்றால் எடுக்கலாம். மீட்டரை அன்று காலை 1,413 மைக்ரோசீமென்ஸ் கரைசலில் சரிபார்த்திருக்க வேண்டும்.

மேல்நிலைத் தொட்டியிலிருந்தோ, சொட்டுநீர்க் குழாயிலிருந்தோ எடுக்காதீர்கள். மோட்டார் வாயிலேயே, ஹோஸைக் கழற்றிவிட்டு எடுங்கள். முதலில் பிஎஃப்ஏஎஸ், அடுத்து பூச்சிக்கொல்லி, கடைசியில் உலோகம். அமிலப் பாட்டிலை முதலில் திறந்தால் கையுறை வழியே மற்றதும் கெடும்.

திறந்த கிணற்றை வற்ற இறைக்க முடியாது. கயிற்றில் கட்டிய எஃகுக் குவளையை மேல்மட்டத்துக்கு ஓர் அடி கீழே இறக்கி எடுங்கள். மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலம் பாட்டிலுக்குள் வரக் கூடாது.

பிஎஃப்ஏஎஸ் எடுக்கும் நாளில் எடுப்பவரே பெரிய மாசு. மழைக்கோட்டு, கறை பிடிக்காத பேன்ட், புதுத்துணி, சன்ஸ்கிரீன், எண்ணெய் ஒட்டாத காகிதத்தில் கட்டிய பார்சல் எல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும். பலமுறை துவைத்த பருத்திச் சட்டை, தூள் இல்லாத நைட்ரைல் கையுறை, சாதாரண நோட்டு, பால்பாயின்ட் பேனா போதும். பைப் இணைப்பில் புதிதாக வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றியிருந்தால் வேறு வாயில் எடுங்கள். வேறு வழியில்லை என்றால் குறித்துவையுங்கள், முடிவைப் படிக்கும்போது தேவைப்படும்.

வண்டல்

நொய்யலில் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை போன்ற இடத்தில் கரையிலிருந்து கைப்பிடி மண் அள்ளி வருவது ஆய்வு ஆகாது. நஞ்சு ஒட்டுவது மணலில் அல்ல, நுண்ணிய களியில். தண்ணீர் வேகம் குறைந்து களி படியும் இடத்தைத் தேடுங்கள். ஏறக்குறைய 10 மீட்டர் பரப்புக்குள் ஐந்து இடத்தில் மேல் 5 சென்டிமீட்டரை எடுத்து, கல்லையும் வேரையும் நீக்கிக் கலந்து ஒரே மாதிரியாக்குங்கள். பழைய காலத்து அடுக்கு வேண்டுமென்றால் இரண்டங்குலக் குழாயை நேராக இறக்கி, மேல் வாயை அடைத்து உருவி, 5 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். எது மேல் என்று குழாயில் முதலிலேயே அம்புக்குறி போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வரலாறு தலைகீழாகிவிடும்.

பூச்சிக்கொல்லிக்கு எஃகுக் கரண்டியும் கண்ணாடி ஜாடியும். குரோமியத்துக்கு பிளாஸ்டிக் கரண்டி, ஏனென்றால் எவர்சில்வரிலேயே குரோமியம் இருக்கிறது. மண்ணை வெயிலில் காயவைக்கக் கூடாது. கரிமச் சத்து அளவையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் இரண்டு இடத்து வண்டலை ஒப்பிட முடியாது.

காலமும் முக்கியம். கீழ்பவானி ஆயக்கட்டில் வாய்க்கால் திறப்பதற்கு முன் ஒருமுறை, தண்ணீர் ஓடி இரண்டு மாதம் கழித்து ஒருமுறை எடுங்கள். வாய்க்கால் கசிவு கிணற்றை நிரப்பியிருக்கும்போது மட்டும் எடுத்துவிட்டு 'சுத்தம்' என்று எழுதினால் அது வாய்க்கால் தண்ணீரைப் பற்றிய அறிக்கை.

வெற்று மாதிரி

இதைத்தான் எல்லோரும் காசு மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள், இதை விட்டால் மற்றச் செலவெல்லாம் வீண். ஆய்வகம் தரும் தூய நீரைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், அங்கே திறந்து, இன்னொரு பாட்டிலில் ஊற்றி மூடுங்கள். அதில் பிஎஃப்ஓஎஸ் 5 நானோகிராம் வந்தால், கிணற்றில் வந்த 6ஐ யாரும் நம்ப முடியாது. பத்து மாதிரிக்கு ஒன்றை இரட்டையாக எடுத்து, வேறு பெயரிட்டு அனுப்புங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவற்றின் சராசரியில் 30 சதவீதத்தைத் தாண்டினால் அந்தச் சுற்றையே சந்தேகிக்க வேண்டும்.

பாட்டில்களைப் பாலிதீன் பையில் கட்டிய ஐஸ்கட்டி நடுவே வைத்து, 6 டிகிரிக்குக் கீழே கொண்டு செல்லுங்கள். பூச்சிக்கொல்லி நீர் மாதிரியை 7 நாளுக்குள் பிரித்தெடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை பார்சல் போட்டால் இரண்டு நாள் யாரோ ஒருவரின் குடோனில் போகும். திங்கள் எடுங்கள், செவ்வாய் சேருங்கள்.

ஆய்வகத்திடம் கேட்க வேண்டியது

ஆய்வகத் தரத்துக்கான என்ஏபிஎல் சான்று இருக்கிறதா என்பது அரைக் கேள்வி. நீங்கள் தேடும் பொருள், நீங்கள் தரும் ஊடகத்தில் (தண்ணீரா, மண்ணா, முட்டையா) அந்தச் சான்றின் பட்டியலில் இருக்கிறதா என்பதே முழுக் கேள்வி. அடுத்து, எந்த அளவு வரை துல்லியமாக அளக்க முடியும்? குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 டிடிடிக்கு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், எண்டோசல்ஃபானுக்கு 0.4, மொத்தக் குரோமியத்துக்கு 0.05 மில்லிகிராம் என்கிறது. பிஎஃப்ஓஎஸ், பிஎஃப்ஓஏ இரண்டுக்கும் அமெரிக்கா 2024இல் வைத்த வரம்பு லிட்டருக்குத் தலா 4 நானோகிராம். ஒரு டிஎம்சி தண்ணீரில் 113 கிராம் கரைந்தால் அந்த அளவு வந்துவிடும். 100 நானோகிராமுக்குக் கீழே பார்க்க முடியாத கருவி 'கண்டறியப்படவில்லை' என்று எழுதினால், அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. மீட்பு சதவீதமும் (தெரிந்த அளவு கலந்து சோதித்ததில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்பது) வெற்று மாதிரியின் முடிவும் அறிக்கையில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். மீட்பு 70 முதல் 130க்குள் இருந்தால் சரி.

முடிவைப் படிப்பது

டிடிடி (DDT) நாளடைவில் டிடிஇ (DDE), டிடிடி (DDD) எனச் சிதையும். இந்த இரண்டாவது, மூலப்பொருளிலிருந்து வேறான டைகுளோரோ வடிவம், அறிக்கையில் டி-டி-டி என்றே ஒலிப்பதால் வேதிப்பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிதைந்த பொருள்களே மிகுதி என்றால் பழைய தெளிப்பு. மூலப்பொருளே மேலோங்கி நின்றால் புதிதாக வந்திருக்கிறது.

குரோமியத்தில் இன்னொரு பொறி. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதிப் பாறையில் இயற்கையாகவே குரோமைட் இருக்கிறது. அங்கே மண்ணில் அதிக அளவு வந்தவுடன் ஆலையைக் கைகாட்ட முடியாது. மேட்டுப்புறத்தில், ஆலையின் தண்ணீர் போகவே முடியாத அதே வகை மண்ணில் மூன்று மாதிரி எடுத்து ஒப்பிடுங்கள்.

உங்கள் மாதிரி புகாருக்கு உதவும், வழக்கில் ஆலைக் கழிவுக்கான சான்றாக நிற்காது. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு எடுத்தால்தான் அது செல்லும். உங்கள் அறிக்கையை வைத்து அப்படி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

குடிக்கும் கிணற்றில் பிஎஃப்ஏஎஸ் உறுதியானால் காய்ச்சிக் குடிப்பது பலன் தராது. ஆவி போகும், நஞ்சு செறியும். ஆர்ஓ நன்றாகப் பிடிக்கும். ஆனால் பிடித்ததெல்லாம் கழிவுக் குழாயில் வரும், அந்தத் தண்ணீரைத்தான் பலர் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் விடுகிறார்கள்.