படிகத்துக்குள் வெளிச்சத்தால் கோடு போட

கேரள எல்லையோரப் புளியரையில் எங்கள் வீட்டு வாசலில் கொல்லம் லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் முதலில் அதிர்வைத் தடுங்கள்: காற்றடித்த லாரி ட்யூப், அதன்மேல் மணல் தட்டு. மின்விசிறி வேண்டாம், சாரல் காற்றுகூட ஆகாது.

532 நானோமீட்டர் பச்சை லேசரை இரண்டாகப் பிரித்து, இரு பாதையும் ஒரே நீளம் இருக்கும்படி, 30 பாகை கோணத்தில் இரும்பு கலந்த லித்தியம் நையோபேட் படிகத்தில் சந்திக்க வையுங்கள். அவை சந்திக்கும் இடத்தில் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறிப் பட்டைகளாக விழும். அப்புறம் பொறுமை. வெளிச்சப் பட்டைகளில் விடுபடும் எலக்ட்ரான்கள் இருட்டுப் பட்டைகளில் போய் மாட்டிக்கொள்ளும். அதனால் எழும் மின்புலம் ஒளிவிலகல் எண்ணை (படிகம் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவை) மாற்றும். அதுதான் நாம் போட்ட கோடு. கோட்டுக்குக் கோடு ஏறக்குறைய 1 மைக்ரான்.

சரி, இப்போது ஒரு கதிரை மறையுங்கள். மீதிக் கதிரை அந்தக் கோடுகள் திருப்பிவிட, மறைத்த கதிர் போன திசையிலேயே வெளிச்சம் எழும்! முதன்முதலில் பார்த்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கோடுகளை அழிக்கச் சீரான பச்சை ஒளி போதும். லேசர் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.