பாலியல் குற்றப் பதிவேடு: புதிய வழக்கில் மாட்டிவிடும் தவறுகள்

அமெரிக்காவில் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் (தண்டனை பெற்றவர்கள் முகவரி முதலிய விவரங்களை அரசிடம் பதிந்து வர வேண்டிய பட்டியல்) பெயர் உள்ள ஒருவர் மறுபடி சிறைக்குப் போக, இன்னொரு பாலியல் குற்றம் செய்ய வேண்டியதில்லை. வீடு மாறியதை உரிய நாளுக்குள் தெரிவிக்காமல் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டால், கூட்டாட்சிச் சட்டப்படி 10 ஆண்டு வரை தண்டனை கிடைக்கலாம். மாநிலங்களின் தண்டனை தனி. தீர்ப்பு, புரொபேஷன் (அதிகாரியின் கண்காணிப்பில் வெளியே இருக்கும் காலம்), மாநிலப் பதிவேடு, உள்ளூர் விதி என்று நாலு அடுக்கு இருப்பதை மறந்து, எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதல் தவறு, புரொபேஷன் முடிந்ததும் பதிவும் முடிந்துவிட்டது என்று இருந்துவிடுவது. 2006ஆம் ஆண்டின் ஆடம் வால்ஷ் சட்டம் என்ற கூட்டாட்சிச் சட்டம் பதிவுக் காலத்துக்குக் குற்றத்தைப் பொறுத்து 15 ஆண்டு, 25 ஆண்டு, வாழ்நாள் என மூன்று நிலைகள் வைத்திருக்கிறது. முறையே ஆண்டுக்கொரு முறை, 6 மாதத்துக்கொரு முறை, 3 மாதத்துக்கொரு முறை நேரில் போய்ப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆனால் பல மாநிலங்கள் தங்கள் கணக்கையே வைத்திருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 2021 முதல் பெரியவர்களுக்கு 10 ஆண்டு, 20 ஆண்டு, வாழ்நாள். அங்கே கெடு முடிந்தாலும் பெயர் தானாக நீங்காது. அதற்குப் பின் வரும் பிறந்தநாள் கழிந்ததும் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, காவல் துறைக்கும் மாவட்ட அரசு வழக்கறிஞருக்கும் அதன் நகலை முறைப்படி சேர்ப்பிக்க வேண்டும். தண்டனைப் பதிவை நீதிமன்றம் தள்ளுபடி செய்த உத்தரவு கையில் இருந்தாலும் பதிவுக் கடமை போகாது. இதைத் தெரியாமல் ஆண்டுப் பதிவை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு.

வீடு மாறும்போது பழைய மாநிலத்தின் கெடுவையே புதிய இடத்துக்கும் வைத்துக்கொள்ளக் கூடாது. கூட்டாட்சி விதியில் 3 வேலை நாள், கலிஃபோர்னியாவில் 5 வேலை நாள், ஃபுளோரிடாவில் 48 மணி நேரம். சுற்றுலாவும் மாட்டிவிடும். ஃபுளோரிடாவில் ஒரே காலண்டர் ஆண்டில் மொத்தமாக 3 நாள் தங்கினாலே அது தற்காலிக வசிப்பிடம். தொடர்ந்து தங்க வேண்டும் என்பதில்லை. ஜனவரியில் ஒன்று, ஜூலையில் இரண்டு என்றாலும் கணக்கில் சேரும். அங்கே ஒருமுறை பட்டியலில் ஏறினால், மாநிலத்தை விட்டுப் போன பிறகும் பெயர் இணையத்தில் இருக்கும்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், வீடு பள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் என்று சரிபார்க்க வேண்டும். காரோட்டிப் பார்த்த தூரம் செல்லாது. ஃபுளோரிடா சட்டம் நேர்கோட்டில் அளக்கச் சொல்கிறது. சில குற்றங்களுக்கு மாநில விதிப்படி பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் வசிக்கக் கூடாது. அங்குள்ள மயாமி-டேட் கவுன்ட்டி (மாவட்டம்) விதியோ 2,500 அடி. மாநில விதியை மட்டும் படித்துவிட்டு முன்பணம் கொடுத்தால் பணமும் போகும், வீடும் போகும். முகவரியைக் கொடுத்து ஷெரிஃப் (கவுன்ட்டி காவல் தலைவர்) அலுவலகத்தில் எழுத்தில் பதில் வாங்குவது நல்லது. வாழ்நாள் பதிவில் உள்ளவர் இருக்கும் குடும்பத்துக்கு அரசு உதவி வீடுகளில் அனுமதி கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில் இருக்கும் பெற்றோரிடம் சொல்லாமல் கொள்ளாமல் போய்த் தங்கினால் அவர்கள் வீட்டுக்கும் ஆபத்து.

வெளிநாட்டுப் பயணத்துக்கு 21 நாள் முன்னதாகத் தகவல் தர வேண்டும்: விமானம், தேதிகள், தங்குமிடம். இது அனுமதி அல்ல, அறிவிப்பு மட்டுமே. தகவல் போய்ச் சேரும் நாட்டுக்கும் அனுப்பப்படலாம். அந்த நாடு விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பலாம். புரொபேஷனில் இருந்தால் அந்த அதிகாரியின் அனுமதி தனியாக வேண்டும். சிறார் மீதான குற்றத்துக்காகப் பதிவில் உள்ளவர்களின் பாஸ்போர்ட்டில் 2016 சட்டப்படி அதைக் குறிப்பிடும் வாசகம் அச்சாகும். வாசகம் இல்லாத பழைய பாஸ்போர்ட்டை ரத்து செய்ய அரசுக்கு அதிகாரம் உண்டு.

குடியேற்ற விஷயத்தில் இன்னொரு கண்ணி. சிறார் மீதான குறிப்பிட்ட குற்றங்களில் தண்டனை பெற்றவர், அமெரிக்கக் குடிமகனாகவே இருந்தாலும், மனைவிக்கோ பெற்றோருக்கோ ஐ-130 மனு (உறவினரைக் குடியேற்ற விண்ணப்பிக்கும் படிவம்) போட முடியாது. அந்த உறவினருக்கு ஆபத்து இல்லை என்று அரசு முடிவெடுத்தால் மட்டுமே விலக்கு. கிரீன் கார்டு (நிரந்தர வசிப்புரிமை) வைத்திருப்பவர் பதிவு செய்யத் தவறியதற்காகக் கூட்டாட்சிச் சட்டத்தில் தண்டனை பெற்றால், அதுவே நாடு கடத்தக் காரணமாகும். எனவே குற்றவியல் வக்கீலோடு குடியேற்ற வக்கீலையும் கேட்காமல் எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

தீர்ப்புச் செய்தியின் தலைப்பை நம்பிப் பதிவை நிறுத்துவது மிக மோசம். மிச்சிகன் சட்டத்தில் பழைய குற்றங்களுக்கும் பின்னோக்கிப் பொருத்தப்பட்ட விதிகளை 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனை என்றது. ஆனால் அலாஸ்கா வழக்கில் பதிவு தண்டனை அல்ல என்று 2003இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்னும் செல்லும். 2017இல் வட கரோலினாவின் சமூக வலைத்தளத் தடை ரத்தானது உண்மை. ஆனால் ஃபேஸ்புக் தன் சொந்த விதிப்படி கணக்கை மூடலாம், இணையப் பெயர்களைத் தெரிவிக்கும் கடமையும் அப்படியே இருக்கும்.

கடைசியாக, காகிதம். கவுன்ட்டரில் "இன்று ஆள் இல்லை, நாளை வாருங்கள்" என்று சொன்னாலும் கெடு நிற்காது. போன நேரம், பேசியவர் பெயர் இரண்டையும் குறித்து, அன்றே அந்த அலுவலகத்துக்கு மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ அனுப்புங்கள். மறுநாள் மறுபடி போங்கள். பதிவு முடிந்ததும் தேதி முத்திரையோடு நகல் வாங்கி, அதில் வீட்டு எண், வாகன எண், வேலையிடம் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். தட்டச்சுப் பிழை அலுவலகத்தினுடையது என்பதைப் பிறகு நிரூபிப்பது லேசான காரியமல்ல.