பைதன் நிரலுக்குள்ளிருந்து தரவுத்தளம்: மீன்வாடிக் கணக்கு ஒன்றை எழுதிப் பழகுவோம்

உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் எடுத்த பிள்ளைகள் பைதனும் படிக்கிறார்கள், தரவுத்தளமும் படிக்கிறார்கள். ஆனால் இரண்டும் இரண்டு பாடங்களாகவே நின்றுவிடுகின்றன. ஒரு பக்கம் லூப், ஃபங்ஷன். மற்றப் பக்கம் அட்டவணை, முதன்மைச் சாவி, எஸ்கியூஎல் வினவல். நிரல் எப்படி அந்த அட்டவணையைத் தொடுகிறது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்தப் பதிவு.

பழகுவதற்கு நம் ஊர்க் கணக்கையே எடுப்போம். திருகோணமலைக் கரையோரம், கொட்பேயோ குச்சவெளியோ கிண்ணியாவோ, ஒரு மீன்வாடியை நினைத்துக்கொள்ளுங்கள். படகு வந்ததும் மீனை நிறுக்கிறார்கள். எந்தப் படகு, என்ன மீன், எத்தனை கிலோ, என்ன தொகை என்று கொப்பியில் எழுதுகிறார்கள். படகுக்காரர் முன்பே முற்பணம் வாங்கியிருந்தால், விற்ற தொகையில் ஒரு பகுதியை அதற்குக் கழிக்கிறார்கள். இந்தக் கொப்பியைத்தான் தரவுத்தளமாக்கப் போகிறோம்.

இடைமுகம் ஏன் தேவைப்பட்டது

தரவை அட்டவணைகளாக வைக்கும் தொடர்புடைமை முறையை ஐபிஎம்மில் வேலை செய்த எட்கர் கொட் 1970இல் முன்வைத்தார். அந்த அட்டவணைகளை வினவும் மொழியான எஸ்கியூஎல் 1986இல் அமெரிக்கத் தரநிலை ஆனது. ஆனால் மொழி மட்டும் தரப்பட்டால் போதாது. அந்த எஸ்கியூஎல் வாக்கியத்தை நிரலிலிருந்து எப்படி அனுப்புவது, விடையை எப்படி வாங்குவது என்பதில் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனி வழி இருந்தது. ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றதற்கு உதவாது. 1992இல் மைக்ரோசொஃப்ட், பல தரவுத்தளங்களுக்கும் பொதுவான இடைமுகமான ஓடிபிசியைக் கொண்டுவந்தது. 1997இல் ஜாவா மொழிக்கு அதுபோன்ற ஜேடிபிசி வந்தது. பைதனுக்கான பொது இடைமுகத் தரநிலை டிபி-ஏபிஐ; அதன் 2.0 பதிப்பு 1999இல் எழுதப்பட்ட பெப் 249 என்ற ஆவணம். அதைத்தான் இன்றும் பின்பற்றுகிறோம்.

எஞ்சின் எந்தக் கம்பனியுடையதானாலும், ஒரு படகில் சுக்கான் பிடிக்கப் பழகியவர் அடுத்த படகிலும் பிடிப்பார் அல்லவா? அந்த மாதிரித்தான் இதுவும். கனெக்ட், கர்சர், எக்ஸிகியூட், ஃபெச், கொமிட் என்ற ஐந்து சொற்களையும் ஒருமுறை பிடித்துக்கொண்டால் எஸ்கியூலைட், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளங்கள் எல்லாவற்றிலும் அவையே வரும்.

தொடங்குமுன்

பைதன் 3 இருந்தால் போதும். எஸ்கியூலைட் நூலகம் 2006இல் வந்த பைதன் 2.5 முதலே கூட வருகிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம், சேவையகமும் வேண்டாம். முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பில் இருக்கும். கணினி இல்லாதவர்கள் ஆண்ட்ராய்ட் போனில் பைட்ராய்ட் 3 போட்டுக்கொண்டு செய்யலாம்.

நிரல் வரிகளைக் கீழே தமிழ் எழுத்தில் ஒலித்தபடி தருகிறேன். இம்போர்ட், செலக்ட் போன்ற கட்டளைச் சொற்களைத் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மாறிகளின் பெயர், அட்டவணைப் பெயர், அட்டவணையிலுள்ள நிரல்களின் (கொலம்) பெயர் ஆகியவற்றைத் தமிழிலேயே விடலாம். பைதன் 3உம் எஸ்கியூலைட்டும் அவற்றை அப்படியே ஏற்கும்.

படி 1: இணைப்பும் சுட்டியும்

இம்போர்ட் எஸ்கியூலைட்3
இணைப்பு = எஸ்கியூலைட்3.கனெக்ட்("வாடி.டிபி")
சுட்டி = இணைப்பு.கர்சர்()
சுட்டி.எக்ஸிகியூட்("பிராக்மா ஃபொரின்_கீஸ் = ஒன்")

வாடி.டிபி என்ற கோப்பு இல்லாவிட்டால் அதுவே உருவாகும். இணைப்பு என்பது தரவுத்தளத்தோடு நடக்கும் முழு உரையாடல். மாற்றங்களை உறுதிப்படுத்துவதும் (கொமிட்) கைவிடுவதும் (ரோல்பேக்) அதன் வேலை. சுட்டி வினவலை அனுப்பி விடையை வாங்குகிறது. இந்த இரண்டின் வேலைப் பிரிவை இப்போதே மனதில் வையுங்கள், பிறகு குழப்பம் வராது.

கடைசி வரி எஸ்கியூலைட்டுக்கு மட்டும் உரியது. ஓர் அட்டவணையின் வரி மற்ற அட்டவணையின் வரியைச் சுட்டும் அந்நியச் சாவிகளை அது வழமையாகச் சரிபார்ப்பதில்லை. ஒவ்வொரு தடவை இணைப்பைத் திறக்கும்போதும் இந்த வரியை அனுப்ப வேண்டும்.

படி 2: அட்டவணைகள்

சுட்டி.எக்ஸிகியூட்("""கிரியேட் டேபிள் இஃப் நொட் எக்ஸிஸ்ட்ஸ் படகு (
    எண் இன்டிஜர் பிரைமரி கீ,
    பெயர் டெக்ஸ்ட் நொட் நல் யுனீக்,
    முற்பணம் இன்டிஜர் நொட் நல் டிஃபோல்ட் 0)""")

சுட்டி.எக்ஸிகியூட்("""கிரியேட் டேபிள் இஃப் நொட் எக்ஸிஸ்ட்ஸ் விற்பனை (
    எண் இன்டிஜர் பிரைமரி கீ,
    படகு_எண் இன்டிஜர் நொட் நல் ரெஃபரன்சஸ் படகு(எண்),
    மீன் டெக்ஸ்ட் நொட் நல்,
    கிராம் இன்டிஜர் நொட் நல்,
    தொகை இன்டிஜர் நொட் நல்)""")

எடையைக் கிலோவில் தசமமாக வைக்காமல் கிராமில் முழு எண்ணாக வைத்திருக்கிறேன். மூன்றரைக் கிலோ என்றால் 3500. பைதனில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள், சரியாக 0.3 வராது. கணக்கு வழக்கில் அந்தச் சிறு பிசகு மாத முடிவில் சண்டையாகும். சதம் வேண்டுமென்றால் தொகையையும் சதக் கணக்கில் முழு எண்ணாக வையுங்கள்.

படி 3: தரவைப் போடுவது

இந்தப் பதிவில் ஒரு படியை மட்டும்தான் ஆறுதலாக வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள்.

புதிதாகப் பழகுபவர் பெரும்பாலும் முதலில் எழுதுவது இப்படி இருக்கும்:

சுட்டி.எக்ஸிகியூட்("இன்சர்ட் இன்டு படகு (பெயர்) வேல்யூஸ் ('" + பெயர் + "')")

பெயர் "கடலரசி" என்றால் ஓடும். "செயின்ட் மேரி'ஸ்" என்று ஒரு படகு வந்தால் உடைந்துவிடும். பெயருக்குள் இருக்கும் ஒற்றை மேற்கோள்குறியைக் கண்டதும், பெயர் அங்கேயே முடிந்துவிட்டதாகத் தரவுத்தளம் எடுத்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் எழுத்து அதற்கு விளங்காத எஸ்கியூஎல் ஆகிறது.

உடைவதாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் நடப்பதுதான் ஆபத்து. தேடும் பெட்டியில் ஒருவர் படகின் பெயருக்குப் பதிலாக ' ஓர் '1'='1 என்று தட்டினால், "வேர் பெயர் = '...'" என்று ஒட்டிக் கட்டிய வினவலின் நிபந்தனை எல்லா வரிக்கும் உண்மையாகிவிடும். ஒரு படகின் கணக்கைப் பார்க்க வந்தவர் எல்லாப் படகுகளின் முற்பணத்தையும் பார்த்துவிடுவார். எஸ்கியூஎல் ஊடுருவல் என்பது இதுதான். தட்டப்பட்ட எழுத்து தரவாக இல்லாமல் கட்டளையாக மாறிவிடுகிறது.

வழி எளிது. வாக்கியத்தையும் மதிப்பையும் ஒட்டாமல் தனித்தனியாகக் கொடுங்கள்:

சுட்டி.எக்ஸிகியூட்("இன்சர்ட் இன்டு படகு (பெயர், முற்பணம்) வேல்யூஸ் (?, ?)", (பெயர், 25000))
இணைப்பு.கொமிட்()

கேள்விக்குறி நிற்கும் இடத்தில் மதிப்பு வரப்போகிறது என்று தரவுத்தளத்துக்குத் தெரியும். அங்கே என்ன எழுத்து வந்தாலும் அது வெறும் மதிப்புத்தான். மேற்கோள்குறி போட வேண்டியதும் இல்லை.

இங்கே எல்லோரையும் ஒருமுறையாவது மறிக்கும் ஒரு பிழை உண்டு. ஒரே ஒரு மதிப்பைக் கொடுக்கும்போது:

சுட்டி.எக்ஸிகியூட்("செலக்ட் எண், முற்பணம் ஃப்ரொம் படகு வேர் பெயர் = ?", ("கடலரசி"))

ஒரு மதிப்பு வேண்டிய இடத்தில் 6 மதிப்புகள் வந்திருப்பதாகப் பிழைச்செய்தி வரும். அடைப்புக்குறி மட்டும் போட்டால் பைதனில் அது டப்பிள் (பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் தொகுதி) ஆகாது. சொல்லின் ஒவ்வொரு குறியும் தனி மதிப்பாகப் போகிறது. கடலரசியில் நாம் எண்ணுவது ஐந்து எழுத்து. யூனிகோட்டில் ச ஒன்று, இகரக் குறி ஒன்று என்று ஆறு ஆகிறது. பின்னால் ஒரு காற்புள்ளி போடுங்கள், ("கடலரசி",) என்று. அவ்வளவுதான்.

நிறைய வரிகளை ஒரே தடவையில் போட எக்ஸிகியூட்மெனி இருக்கிறது. டப்பிள்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்தால் போதும்.

படி 4: எடுத்துப் பார்ப்பது

சுட்டி.எக்ஸிகியூட்("""செலக்ட் படகு.பெயர், சம்(விற்பனை.தொகை)
    ஃப்ரொம் விற்பனை ஜொயின் படகு ஒன் படகு.எண் = விற்பனை.படகு_எண்
    குரூப் பை படகு.எண்""")
ஃபோர் பெயர், மொத்தம் இன் சுட்டி:
    பிரின்ட்(பெயர், மொத்தம்)

எக்ஸிகியூட் செய்ததோடு விடை கைக்கு வந்துவிடாது. சுட்டியிடம் கேட்டு வாங்க வேண்டும். ஃபெச்வன் ஒரு வரி தரும், வரி முடிந்துவிட்டால் நன் தரும். ஃபெச்ஆல் எல்லாவற்றையும் ஒரேயடியாக நினைவகத்தில் ஏற்றும். ஒரு வாடியின் கணக்குக்கு அது பரவாயில்லை. பல வருடக் கணக்கென்றால் மேலே உள்ளதுபோல் லூப்பில் ஒவ்வொன்றாக எடுப்பதே நல்லது.

படி 5: இரண்டும் நடக்க வேண்டும், அல்லது ஒன்றும் நடக்கக் கூடாது

கடலரசியில் மூன்றரைக் கிலோ சூரை வந்தது. 4200 ரூபாய்க்கு விற்றாயிற்று. அதில் 1000 ரூபாயை முற்பணத்தில் கழிக்க வேண்டும். விற்பனையில் ஒரு வரி ஏற வேண்டும், படகு அட்டவணையில் ஒரு எண் குறைய வேண்டும். முதலாவது முடிந்து இரண்டாவதற்கு முன் கரண்ட் போனால்? விற்பனை பதிவாகியிருக்கும், கடன் குறைந்திருக்காது. படகுக்காரருக்கு நட்டம்.

ட்ரை:
    சுட்டி.எக்ஸிகியூட்("இன்சர்ட் இன்டு விற்பனை (படகு_எண், மீன், கிராம், தொகை) வேல்யூஸ் (?, ?, ?, ?)", (1, "சூரை", 3500, 4200))
    சுட்டி.எக்ஸிகியூட்("அப்டேட் படகு செட் முற்பணம் = முற்பணம் - ? வேர் எண் = ?", (1000, 1))
    இணைப்பு.கொமிட்()
எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன்:
    இணைப்பு.ரோல்பேக்()
    ரெய்ஸ்

முதல் இன்சர்ட்டிலேயே ஒரு பரிமாற்றம், அதாவது ஒன்றாகவே நடக்க வேண்டிய மாற்றங்களின் தொகுதி, தானாகத் தொடங்கிவிடுகிறது. கொமிட் வரும்வரை இரண்டு மாற்றமும் தற்காலிகமானவை. இடையில் கரண்ட் போனால், அடுத்த முறை கோப்பைத் திறக்கும்போது அரைகுறை வேலையை எஸ்கியூலைட் தானே பின்வாங்கிக்கொள்ளும். கொமிட் செய்யாமல் இணைப்பை மூடினாலும் மாற்றம் போய்விடும். "போட்ட தரவைக் காணோம்" என்று ஒருவர் கேட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

கடைசியில் உள்ள ரெய்ஸ் முக்கியம். பிழையை விழுங்கிவிடாதீர்கள். இல்லாத 99ஆம் இலக்கப் படகுக்கு விற்பனை போட முயன்றால் இன்டெக்ரிட்டிஎரர் வரும். ஒரே படகுப் பெயரை இரண்டு முறை போட்டாலும் அதுவே. அட்டவணைப் பெயரைப் பிழையாக எழுதினால் எஸ்கியூலைட்டில் ஒபரேஷனல்எரர். இந்தப் பிழைப் பெயர்களும் டிபி-ஏபிஐ தரநிலையில் உள்ளவையே, ஆனால் எந்தப் பிழைக்கு எந்தப் பெயர் வரும் என்பது நூலகத்துக்கு நூலகம் மாறலாம்.

படி 6: தமிழில் தேடினால் கிடைக்காதபோது

ஆங்கிலப் பாடங்களில் இதை யாரும் சொல்வதில்லை, நமக்கோ தினமும் வேண்டியது. தரவுத்தளத்தில் "திருகோணமலை" என்று இருக்கிறது. நீங்களும் "திருகோணமலை" என்றே தேடுகிறீர்கள். விடை இல்லை.

காரணம் கோ. யூனிகோட்டில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரே குறியாக எழுதினால் திருகோணமலை 10 குறிகள், யூடிஎஃப்-8இல் 30 பைட். பிரித்து எழுதினால் 11 குறிகள், 33 பைட். தரவுத்தளம் பைட்டை ஒப்பிடுகிறது. அதற்கு இவை வேறு வேறு சொற்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டி, மாற்றிச் செயலியால் யூனிகோட்டாக்கி ஒட்டிய எழுத்தில் இப்படிப் பிரிந்த வடிவம் வரக்கூடும். கொ, கௌ வரிசைகளுக்கும் இதே கதைதான்.

ஃப்ரொம் யூனிகோட்டேட்டா இம்போர்ட் நோர்மலைஸ்
டெஃப் சீர்(சொல்):
    ரிட்டர்ன் நோர்மலைஸ்("என்எஃப்சி", சொல்.ஸ்ட்ரிப்())

என்எஃப்சி என்பது பிரிந்த குறிகளை ஒரே குறியாக்கும் வடிவம். தரவுத்தளத்துக்குள் போகும் ஒவ்வொரு சொல்லையும், தேடும் ஒவ்வொரு சொல்லையும் இந்தச் சீர் வழியாக அனுப்புங்கள். முன்பின் இடைவெளியும் அதிலேயே போய்விடும். முதல் நாளே இதைச் செய்தால்தான் நல்லது. ஆயிரம் வரி ஏறிய பிறகு திருத்துவதென்றால், ஒரே படகு இரண்டு பெயரில் நிற்பதையெல்லாம் ஒன்றாக்க வேண்டிவரும்.

படி 7: போஸ்ட்கிரஸுக்கு மாறுவது

ஒரே கணினியில் ஒருவர் எழுதும்வரை எஸ்கியூலைட் தாராளம். கொட்பேயில் ஒருவரும் கிண்ணியாவில் ஒருவரும் ஒரே நேரத்தில் எழுத வேண்டுமென்றால் சேவையகத் தரவுத்தளம் ஒன்று தேவை. போஸ்ட்கிரஸுக்கான சைகோபிஜி2 நூலகத்தை நிறுவி, இம்போர்ட் வரியையும் கனெக்ட் வரியையும் மாற்றுங்கள். கனெக்ட்டுக்கு இப்போது கோப்புப் பெயருக்குப் பதிலாகச் சேவையக முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் போகும். கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதிவைக்காதீர்கள், சூழல் மாறியில் வையுங்கள். பிராக்மா வரியை எடுத்துவிடுங்கள். போஸ்ட்கிரஸ் அந்நியச் சாவியை எப்போதும் பார்க்கும். அட்டவணைகளின் எண் என்ற நிரலில் (கொலத்தில்) பிரைமரி கீக்கு முன் "ஜெனரேட்டட் ஆல்வேஸ் ஆஸ் ஐடென்டிட்டி" என்று சேர்க்க வேண்டும்.

கேள்விக்குறிகளும் மாறும். இதைத் தரநிலையின் குறை என்றே சொல்வேன்: மதிப்புக்கான இடத்தைக் குறிக்க ஐந்து விதங்களை அது அனுமதிக்கிறது. எஸ்கியூலைட் கேள்விக்குறியை எடுத்தது, சைகோபிஜி2 சதவீதக் குறியும் எஸ் எழுத்தும் சேர்ந்ததை எடுத்தது. எந்த நூலகம் எதைப் பயன்படுத்துகிறது என்பதை அதன் பராம்ஸ்டைல் மாறி சொல்லும். சைகோபிஜி2இன் குறியைப் பார்த்துவிட்டுப் பைதனின் சதவீத ஒட்டுமுறையை நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கேயும் மதிப்புகள் காற்புள்ளிக்குப் பின் தனி டப்பிளாகவே போக வேண்டும்.

மாறிய பிறகு ஒன்று புதிதாகத் தெரியும். போஸ்ட்கிரஸில் ஒரு வாக்கியத்தில் பிழை வந்தால் அந்தப் பரிமாற்றம் முழுவதும் செல்லாமல் போகும்; அதன் பின் அனுப்பும் சரியான வினவலையும் அது ஏற்காது. படி 5இல் எழுதிய ரோல்பேக் வரி இருந்தால் இணைப்பு உடனே பழைய நிலைக்கு வரும், அடுத்த படகின் கணக்கைத் தொடர்ந்து போடலாம்.