கப்பல் வெண்கலத்துக்குப் பூச்சு: லாக்கரா, மெழுகா?

குஜராத்தின் அலங்கில் உடைத்த கப்பலின் வட்ட ஜன்னல் ஒன்று போன வருடம் கைக்கு வந்தது. பளபளவென்று தேய்த்து, லாக்கர் (வார்னிஷ் போன்ற நிறமில்லாப் பூச்சு) அடித்து, திருவான்மியூர் வீட்டுச் சுவரில் மாட்டினேன். ஒரே மழைக்காலம்தான். லாக்கருக்கு அடியிலேயே பச்சைப் புள்ளிகள் கிளம்பி, பூச்சு செதில் செதிலாக உரிந்துவிட்டது. கழற்றி, முதலிலிருந்து செய்து சரிப்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

1. பின்பக்கம் அரத்தால் லேசாக ஓர் இழுப்பு. மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை, செம்பழுப்பு என்றால் வெண்கலம். மஞ்சளுக்கு நடுவே இளஞ்சிவப்புத் திட்டு இருந்தால், துத்தநாகத்தைக் கடல்நீர் கரைத்துவிட்டது. அதைப் படகில் பாரம் தாங்கும் இடத்தில் பொருத்தவே கூடாது.

2. பழைய பெயின்டை ரிமூவரால் எடுங்கள். புளி போட்டுத் துலக்கலாம். ஆனால் குத்துவிளக்குக்குச் சேர்ப்பதுபோல் உப்பு மட்டும் சேர்க்காதீர்கள்.

3. நான் கோட்டைவிட்டது இங்கேதான். உலோகத்தில் பூக்கும் பச்சைக் களிம்பு எல்லாம் ஒன்றல்ல. நகத்தால் சுரண்டினாலும் வராத கெட்டியான கரும்பச்சை, உலோகத்துக்குக் காவல். விரலில் ஒட்டும் வெளிர்பச்சைத் தூள்தான் வில்லங்கம். உள்ளே உப்பிலிருந்து வந்த குளோரைடு இருக்கிறது. ஈரக்காற்று பட்டால் மறுபடி அரிக்கத் தொடங்கும். அதன்மேல் எந்தப் பூச்சும் நிற்காது.

அதை எடுக்க, லிட்டருக்கு 50 கிராம் சோடியம் செஸ்குவிகார்பனேட் (ஒருவகைச் சோடா) கரைத்து ஊறப்போடுங்கள். வாரம் ஒருமுறை கரைசலை மாற்ற வேண்டும். என் ஜன்னலுக்கு 6 வாரம் பிடித்தது. பிறகு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் அலசுங்கள். எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு. அதில் அலசினால் அத்தனையும் வீண். நன்றாகக் காய்ந்ததும், மூடிய டப்பாவில் ஈரப்பஞ்சோடு 2 நாள் வையுங்கள். பச்சைத் தூள் எட்டிப் பார்த்தால் மறுபடி சோடா ஊறல்தான்.

4. இனி பூச்சு. கயிறு உரசும் மேல்தளச் சாமானுக்கு லாக்கர் வேண்டாம். ஒரு கீறல் விழுந்தால் போதும், உப்புநீர் அடியில் இறங்கிவிடும். குரோம் முலாமும் ஊசித்துளை வழியாக அப்படித்தான் கெடும். படகின் உள்ளறைக்கு இன்க்ராலாக் நல்லது: அக்ரிலிக் லாக்கர், அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் அதிலேயே சேர்ந்திருக்கிறது. அசிட்டோனால் துடைத்த பிறகு கையுறை இல்லாமல் தொடாதீர்கள். விரல் ரேகை அப்படியே பதிந்துவிடும்.

என் ஓட்டு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகுக்கு (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகு). பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவான ரெனசான்ஸ் வாக்ஸ்தான் நான் வாங்கியது. ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூட்டுக்கு உலோகத்தைச் சூடாக்கி, மெல்லிசாகத் தடவி, பருத்தித் துணியால் தேய்த்தெடுங்கள். 3 மாதத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டியிருக்கிறது. ஆனால் லாக்கர்போல் முழுவதையும் உரிக்கத் தேவையில்லை.

பின்சேர்க்கை: மெழுகு வெள்ளை வெள்ளையாகப் படிகிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். தடிப்பாகப் போட்டதுதான் காரணம். மறுபடி சூடாக்கித் துடைத்தால் போய்விடும். இன்னொருவர் படகில் இரும்புத் திருகால் முடுக்கியிருக்கிறார். உப்புநீரில் வெண்கலத்தோடு சேர்ந்தால் இரும்புதான் முதலில் கரையும். வெண்கலத் திருகாகவே மாற்றிவிடுங்கள்.