பதினெட்டு வயதாகப் போகும் பிள்ளையின் பெற்றோருக்கு

என் அப்பா ஓட்டுப் போட 21 வயது வரை காத்திருந்தார். 1989-இல்தான் அது 18 ஆனது. இப்போது 17 நிறைந்ததுமே, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுக்கலாம், கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் வங்கி. மைனர் கணக்கு 18-க்குப் பிறகு அப்படியே ஓடாது. ஆதார், பான், புகைப்படத்தோடு பிள்ளையே போய்க் கையெழுத்து மாதிரி கொடுக்க வேண்டும். நாங்கள் தாமதித்ததால், கல்லூரிக் கட்டணம் கட்டும் வாரத்தில் மகளின் கணக்கு முடங்கிவிட்டது.

முக்கியமாக, படிவத்தை நீங்கள் நிரப்பாதீர்கள். எனக்கு எல்லாவற்றையும் அப்பாதான் எழுதித் தந்தார். முப்பது வயதிலும் செலான் எழுதக் கை நடுங்கியது. மகள் மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், பேனாவை வாங்கவில்லை. நாலாவது தாள் சரியாக வந்தது.