கையை வைத்துப் பார்த்துக் கான்கிரீட் சுவரை நம்பாதீர்கள்

போன மாதம் நண்பர் ஒருவர் தன் கராஜ் சுவரைப் பார்க்கக் கூப்பிட்டார். பெயின்ட் அடித்து ஐந்து மாதம்தான். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. ஒன்றை விரலால் அழுத்தினேன். உள்ளே ஈரம், அதற்குப் பின்னால் மாவு மாதிரி வெள்ளை உப்பு. பல வருடங்களுக்கு முன் என் கராஜில் நான் பார்த்த அதே சுவர்தான் இது.

தூசி தட்டுவது, தரையை மூடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். கான்கிரீட் சுவருக்குப் பெயின்ட் அடிக்கும்போது தெரியாமல் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தொட்டால் காய்ந்திருக்கிறது என்று அடித்துவிடுவது

கான்கிரீட் முழுக்க நுண்துளைகள். மறுபக்கம் மண்ணோ மழைநீரோ ஒட்டியிருந்தால் ஈரம் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும். நம் பக்கம் வந்ததும் ஆவியாகிவிடுவதால் கைக்குக் காய்ந்த மாதிரித் தெரியும். பெயின்ட் அடித்ததும் அந்த வழி அடைபடுகிறது. ஈரத்தோடு கரைந்து வரும் உப்பு பெயின்டுக்குப் பின்னால் படிந்து, இறுகி, அதைத் தள்ளிவிடுகிறது.

நான் இன்னொரு தவறும் சேர்த்துச் செய்தேன். கழுவ வசதி என்று எனாமல், அதாவது எண்ணெய் கலந்த பெயின்ட், அடித்தேன். புதுக் கான்கிரீட்டின் பிஎச் 12க்கு மேல் இருக்கும், கடும் காரம். காரமும் எண்ணெயும் ஈரத்தில் சேர்ந்தால் சோப்பாகிவிடும். மூன்றே மாதத்தில் சுவர் பிசுபிசுத்தது. சுரண்டி எடுக்க நான்கு வார இறுதிகள் போயின. வாங்கிய பெயின்ட் முழுவதும் வீண்.

சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்குச் செலவே இல்லை. ஒன்றரை அடி சதுரத்தில் பாலிதீன் ஷீட்டை வெட்டி, நான்கு விளிம்பையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம். நான் இரண்டு நாள் விடுவேன். பிரிக்கும்போது ஷீட்டின் உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ, பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.

‘உள்ளே வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் போதும்’ என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வரும். தண்ணீர் வருவது வெளியிலிருந்து. தரைச் சரிவு, கூரைத் தண்ணீர் விழும் இடம், வெளிச்சுவர் விரிசல், இவற்றை முதலில் பாருங்கள். சுவர் காய்ந்தபின் காரத்தைத் தாங்கும் பிரைமர், அதன்மேல் ஆவியை வெளியே விடும் அக்ரிலிக் பெயின்ட்.

புதுக் கான்கிரீட்டில் அவசரம்

கான்கிரீட் போட்டு 28 நாள் ஆகட்டும். அதற்கு முன் பிரைமர்கூட வேண்டாம்.

ஷட்டரிங் எண்ணெயை மறப்பது

சுவரில் தண்ணீர் தெளியுங்கள். உறிஞ்சிக் கறுத்தால் நல்லது. முத்து முத்தாக நின்றால், கான்கிரீட் ஊற்றும்போது அச்சுப் பலகைக்குத் தடவிய எண்ணெய் இன்னும் இருக்கிறது. எண்ணெய் நீக்கும் கரைசலால் தேய்த்துக் கழுவி, மறுபடி காயவிட வேண்டும்.

பள்ளத்தைப் பட்டியால் அடைப்பது

சுவரைச் சமமாக்கப் பூசும் பட்டி ஓரிரு மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான். ஜல்லி தெரியும் தேன்கூட்டு ஓட்டைகளில் அதை அப்பினால் வெடித்து விழும். உதிர்வதைக் கொத்தி எடுத்து, தண்ணீர் தேங்காத அளவு நனைத்து, பாலிமர் சேர்த்த சிமென்ட் கலவையால் அடையுங்கள். பலகை இடுக்கில் துருத்திய விளிம்புகளைக் கிரைண்டரால் தேய்க்கும்போது முகத்தில் துணி கட்டுவது போதாது. அந்தச் சிலிக்கா தூள் நுரையீரலில் தங்கிவிடும். துகள் வடிகட்டும் முகமூடி கட்டாயம்.

குட்டை முடி ரோலர்

சொரசொரப்பான சுவரின் குழிகளுக்குள் அது எட்டாது. நீள முடி ரோலர் வாங்குங்கள்.

நண்பர் சுவரில் உரிந்ததைச் சுரண்டிவிட்டு ஷீட்டை ஒட்டினோம். மறுநாளே முத்துக் கோத்துவிட்டது. வெளியே போய்ப் பார்த்தால், கூரைக் குழாய் நேராகச் சுவரடியில் கொட்டிக்கொண்டிருந்தது. குழாயை நீட்டிவிட்டார். அடுத்த வாரம் வேறு ஷீட் ஒட்டிப் பார்க்கப் போகிறோம்.